கம்பி வழியே கச்சேரி

போர்த்துகல் தேசத்தில் முதலாம் லூயிஸ் என்று ஒரு ராஜா இருந்தார். சங்கீதத்தில் அபார மோகம். தாமே செல்லோ வாத்தியம் வாசிப்பார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டைத் தம் பாஷையில் மொழிபெயர்த்தவர். 1884-ஆம் வருஷம் அவருடைய சகோதரி காலமானார். துக்கம் காக்க வேண்டிய ராஜா நாடகக் கொட்டகையில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் லிஸ்பன் நகரத்து சான் கார்லோஸ் கொட்டகையிலோ அப்போது ஒரு புதிய இசை நாடகம் நடக்கவிருந்தது. கேட்காமலிருக்கவும் மனசு இடங்கொடுக்கவில்லை. கடைசியில் கொட்டகையிலிருந்து அரண்மனைக்குக் கம்பி இழுத்தார்கள். ராஜா தம் அறையில் இருந்தபடியே, டெலிபோன் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். சம்பிரதாயமும் பிழைத்தது, சங்கீதமும் பிழைத்தது.

இந்த ராஜாவின் ஞாபகம் எனக்குப் போன வருஷம் என் அத்தையால் வந்தது.

அத்தைக்கு எண்பத்தொரு வயது. எங்கள் ஊர்ச் சபாவின் ராமநவமி உற்சவத்தில் அவள் முன் வரிசையில் உட்காராத வருஷம் என் நினைவில் இல்லை. போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சை ஆகி, பெங்களூரில் மகன் வீட்டில் படுத்துவிட்டாள். வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தத் தடவை அந்தப் பெண் பாடுகிறாளாமேடா!" என்று மட்டும் டெலிபோனில் சொன்னாள்.

படம் பிடித்து அனுப்பினால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். சபாக் காரியதரிசி, படம் கூடாது, ஒலி மட்டுமானால் ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிட்டார். சரி, கைப்பேசியில் கூப்பிட்டு அதை மேடையருகே வைத்துப் பார்த்தோம். வந்தது வினை. பேச்சுக்காகச் செய்த கருவி அது. இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பது எதுவானாலும் அதன் அகராதியில் இரைச்சல்தான். மின்விசிறியையும் தம்புராவையும் அது ஒரே தட்டில் வைத்து, இரண்டையும் துடைத்துப் போட்டுவிட்டது! தம்புரா இல்லாத பாட்டு அத்தைக்கு உப்பில்லாத பண்டம். "வேண்டாம், வைத்துவிடு" என்றாள்.

அப்போதுதான் என் தங்கை மகன், "மாமா, ஒரு என்கோடர் வைத்து ரேடியோ மாதிரி அனுப்பிவிடலாம்" என்றான். பௌதிகம் எனக்கு என்றைக்குமே வசப்படவில்லை. ஆனாலும், ஒரு சங்கதி புரியாவிட்டால் அதன் பூர்வ கதையைத் தேடிக்கொண்டு போவது கதை எழுதுகிறவனுடைய வியாதி. போனேன்.

கதை 1881-இல் பாரிஸ் நகரத்தில் ஆரம்பிக்கிறது. அங்கே நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற எஞ்சினீயர் ஒரு வேடிக்கை செய்தார். பாரிஸ் ஆபரா மேடையின் விளிம்பில் ஒலி வாங்கிகளை வரிசையாக வைத்து, இரண்டு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த கண்காட்சி மண்டபத்துக்குக் கம்பி கொண்டுபோனார். ஒவ்வொருவருக்கும் இரண்டு குழாய்கள், காதுக்கு ஒன்று. அவை மேடையின் இரண்டு வேறு இடங்களுக்குச் சேர்ந்தவை. பாடுகிறவர் இடப்புறமிருந்து வலப்புறம் நடந்தால், கேட்கிறவருக்கு அவர் நடப்பது தெரிந்ததாம். சில நிமிஷம் கேட்பதற்கு ஜனங்கள் வரிசையில் காத்து நின்றார்கள். விக்டர் ஹியூகோவும் போய்க் கேட்டுவிட்டு வந்து குறித்து வைத்திருக்கிறார்.

1890-இல் இது 'தியாத்ரோஃபோன்' என்ற பெயரில் வியாபாரமாயிற்று. ஹோட்டல்களிலும் காப்பிக் கடைகளிலும் பெட்டி வைத்தார்கள். ஐம்பது சாந்தீம் காசு போட்டால் ஐந்து நிமிஷ சங்கீதம். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்த் 1911-இல் சந்தாதாரராகி, நோயாளியாக வீட்டில் இருந்தபடியே தெபுஸியின் இசை நாடகத்தைக் கேட்டார். ரேடியோ பரவிய பிறகும் தாக்குப்பிடித்து, 1932-இல்தான் இந்த ஏற்பாடு ஓய்ந்தது.

எனக்கு இவற்றைக் காட்டிலும் பிடித்தது புடாபெஸ்ட் நகரத்துக் கதை. திவதார் புஷ்காஷ் என்பவர் எடிசனிடம் வேலை பார்த்தவர். 1893 பிப்ரவரி 15-ஆம் தேதி அவர் 'டெலிபோன் ஹிர்மோந்தோ' என்று ஒரு பேசும் பத்திரிகையைத் தொடங்கினார். காலையிலிருந்து இரவு வரை நேரம் வகுத்து, கம்பி வழியே செய்தி, சந்தை விலை, மாலையில் இசை நாடகம். அகில இந்திய ரேடியோ நமக்குப் பழக்கிவிட்ட நிகழ்ச்சி நிரல் என்ற சமாசாரம், கம்பியில்லாத் தந்தி பிறக்கும் முன்பே அங்கே நடைமுறையில் இருந்திருக்கிறது. ஒலியைப் பெருக்கும் குழல் எதுவும் அந்தக் காலத்தில் இல்லை. செய்தி வாசிப்பவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியதுதான். பாவம், புஷ்காஷ் அனுபவித்தது ஒரே மாதம். மார்ச் 16-ஆம் தேதி இறந்துபோனார். அவர் பெற்ற குழந்தையோ 1944 வரை, உலக யுத்தம் வந்து கம்பிகளை நாசம் செய்யும் வரை, உயிரோடு இருந்தது.

இதெல்லாம் ஒலியை மின்சாரமாக்கி அப்படியே ஓடவிட்ட காலம். என் மருமகன் வைக்கச் சொன்ன என்கோடரோ வேறு ஜாதி. அது பாட்டை எண்களாக நறுக்குகிறது. அந்த யோசனை 1930-களின் கடைசியில் பாரிஸில் வேலை பார்த்த அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. ஒலியலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று நொடிக்குப் பல்லாயிரம் தரம் அளந்து, அந்த அளவுகளை மட்டும் அனுப்பினால் வழியில் சேருகிற இரைச்சல் ஒட்டாது என்றார். அன்றைய வால்வுகளைக் கொண்டு அதைச் செய்வது ஆனைக்குத் தீனி போடுகிற செலவு, காகிதத்திலேயே நின்றது. 1982-இல் வந்த இசைத்தட்டு நொடிக்கு 44,100 தரம் அளக்கிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 பிட். இரண்டு காதுக்கும் சேர்த்து நொடிக்கு 14,11,200 பிட்.

எண்களாக்கிய பேச்சை கம்ப்யூட்டர்களைப் பிணைத்த வலையில் அனுப்பிப் பார்த்தது 1974-ஆம் வருஷம். டானி கோஹன் என்பவரும் சகாக்களும் கலிபோர்னியாவிலிருந்து மாசாசூஸெட்ஸுக்கு அர்ப்பாநெட் வழியே குரலை அனுப்பினார்கள். அந்த வலையில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகும். ஒரு பொட்டலம் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்குவது வழக்கம். கடிதத்துக்கு அது சரி. பேச்சுக்கு? பந்தியில் மோர் சாதத்துக்கு வந்துவிட்டவன் இலையில், விட்டுப்போன சாம்பாரைத் தேடிக் கொண்டுவந்து ஊற்றுவதைப் போலத்தான்! பிந்தி வந்த ஒலி வராமலே போகட்டும் என்று கோஹன் வாதாடினார். பொட்டலத்தைச் சேர்ப்பிக்கும் விதியும், தொலைந்ததை மீட்கும் விதியும் பிற்பாடு தனித்தனியாகப் பிரிந்ததில் அந்த வாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பேச்சு போயிற்று, சங்கீதம் போகவேண்டுமே! ஜெர்மனியில் எர்லாங்கன் சர்வகலாசாலையில் டீட்டர் ஸைட்ஸர் என்ற பேராசிரியர் டெலிபோன் கம்பியில் சங்கீதத்தை அனுப்பலாம் என்று காப்புரிமைக்கு மனுப் போட, இது நடக்காத காரியம் என்று பரிசோதகர் தள்ளிவிட்டார். அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கி கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற மாணவரிடம் கொடுத்துவிட்டார் பேராசிரியர். மாணவர் பிடித்தது மனிதக் காதின் பலவீனத்தை. தவில் அடி விழுகிற கணத்தில் பக்கத்து ஆசாமி முணுமுணுப்பது காதில் ஏறுமா? ஏறாது. ஏறாததை எதற்குச் சுமந்துகொண்டு போகவேண்டும்? வழியிலேயே எறிந்துவிடலாம். எம்பி3 என்பது சாராம்சத்தில் இதுதான். எதை எறியலாம் என்று தீர்மானிக்க ஸுஸான் வேகாவின் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பக்கவாத்தியமே இல்லாத தனிக் குரல். பிசகினால் ஒளிந்துகொள்ள இடமில்லை. எம்பி3 என்று பெயர் சூட்டியது 1995 ஜூலையில்.

அதற்குள்ளேயே அமெரிக்காவில் அவசரக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். 1993 ஜூன் மாதம் ஸெராக்ஸ் ஆராய்ச்சிசாலையில் 'ஸிவியர் டயர் டாமேஜ்' என்ற வாத்தியக் கோஷ்டி வாசித்ததை வலையில் அனுப்பினார்கள். ஆஸ்திரேலியா வரை போயிற்று. மறு வருஷம் உலகப் பிரசித்தி பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டி அதே வலையில் கச்சேரி அனுப்ப ஏற்பாடு செய்தபோது, இந்தப் பேர்வழிகள் அழையாமலே முன்னால் புகுந்து வாசித்துவிட்டார்களாம். 1994 நவம்பர் 7-ஆம் தேதி சாப்பல் ஹில்லில் மாணவர்கள் நடத்தும் ஒரு ரேடியோ நிலையம் தன் ஒலிபரப்பை வலையிலும் ஓடவிட்டது. 1995-இல் ரியல் ஆடியோ வந்தது. வீட்டு டெலிபோன் கம்பி அப்போது நொடிக்கு 28,800 பிட் தாங்கினால் அதிகம். இசைத்தட்டின் கணக்கில் 49-இல் ஒரு பங்கு. கேட்டவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல்தான் இருந்திருக்கும். 1998 முடிந்து 1999 பிறக்கிற சமயத்தில் ஷௌட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் என்று இரண்டு சர்வர்கள் வெளிவந்து, சாமானிய மனிதனும் சொந்தமாக நிலையம் வைக்கலாம் என்றாக்கிவிட்டன. ஐஸ்காஸ்ட் இனாம். எங்களுக்கு அதுவே போதும் என்று தீர்மானித்தோம்.

மேடையின் மிக்ஸரிலிருந்து ஒரு கம்பி ஒலி அட்டைக்கு. அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு. அதில் என்கோடர் என்ற மென்பொருள் பாட்டைச் சுருக்கி, எங்கேயோ தூரத்தில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குத் தள்ளும். சர்வர் கேட்கிறவர்களுக்கெல்லாம் படி எடுத்துக் கொடுக்கும். என்கோடரில் பூர்த்தி செய்யவேண்டிய படிவம் சிறியதுதான். சர்வரின் விலாசம், துறை எண், வழக்கமாக 8000, சாய்கோட்டில் தொடங்கும் ஒரு பெயர், அதை மவுண்ட் என்கிறார்கள், கடவுச்சொல். ஐஸ்காஸ்டைச் செய்தவர்கள் மாதிரிக் கடவுச்சொல்லாக 'ஹாக்மீ' என்று போட்டுத் தருகிறார்கள். 'என்னைக் கொள்ளையடி' என்று வாசலில் எழுதி வைத்த மாதிரி! மாற்றாமலிருப்பவன் அனுபவிக்கட்டும் என்ற குறும்பு. மாற்றினேன்.

அடுத்தது, நொடிக்கு எத்தனை பிட் என்ற கேள்வி. அத்தைக்குக் குறைவாகவா கொடுப்பது என்று ஜம்பமாக 320 ஆயிரம் போட்டேன். சபாவில் எங்களுக்கு இருந்த இணைப்பு மருமகனின் கைப்பேசிதான். அது மூச்சு வாங்கி நின்றுவிட்டது. 64 ஆயிரத்துக்கு இறங்கினோம். ஓடியது. முதல் நாள் வர்ணம் ஆரம்பித்தது. மார்பு கொள்ளாத பெருமையோடு போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அது அத்தையின் இடம்.

அரை மணி கழித்து வெளியே வந்து பேசினேன்.

"என்னடா, அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் அத்தை.

"ஏன், நன்றாகத்தானே பாடுகிறாள்?"

"ஐந்து கட்டையில் பாடுகிறவள். இது நாலேகால்கூட வராது போலிருக்கிறதே! காலப்பிரமாணமும் இழுக்கிறது. நடுநடுவில் பாட்டு அறுந்து எங்கேயோ போய் விழுகிறது. பல்லவியிலிருந்து நேரே சரணத்துக்குப் போய்விட்டாள்."

மருமகன் பத்து நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டுக் கண்டுபிடித்தான். தப்பு என்னுடையது. ஒலி அட்டை நொடிக்கு 48,000 தரம் அளந்துகொண்டிருந்தது. படிவத்தில் நான் எழுதியிருந்ததோ 44,100. அங்கே பெங்களூரில் இருந்த யந்திரம் என் வார்த்தையை நம்பி, ஒரு நொடிப் பாட்டை ஒரு நொடிக்குச் சற்று மேலாக இழுத்து வாசித்தது. சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை இறங்கிவிட்டது. ஒரு மணிக் கச்சேரி அறுபத்தைந்து நிமிஷமாயிற்று. நிமிஷத்துக்கு ஐந்து நொடி வீதம் அத்தை பின்தங்கிக்கொண்டே போனாள். ஓர் அளவுக்கு மேல் பின்தங்குகிற ரசிகரைச் சர்வர் தயவு தாட்சண்யமில்லாமல் வெளியே தள்ளிவிடும். அவர் மறுபடி உள்ளே வந்து, பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் அத்தைக்கு நேர்ந்தது அதுவே. எண்பத்தொரு வயசில், முன் வரிசையில் இருந்தவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்!

எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனால் படுத்த படுக்கையில், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு கருவியும் இல்லாமல் கால் கட்டைக் கணக்குக்கூடச் சொன்னாளே, அந்தக் காதை நினைத்து உள்ளூர ஒரு சந்தோஷமும் வந்தது. பாதியில் நிறுத்தினால் துக்கடாவும் போய்விடும் என்று பயந்து, மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் முடித்த கைதட்டலில் ஒரு கணம் நிறுத்தி, எண்ணைத் திருத்தி, மறுபடி ஓட விட்டோம்.

மறுநாள் ஒரு குறையும் இல்லை. ஒரு தாமதம் மட்டும் இருந்தது. ஐஸ்காஸ்ட் கோஹனுடைய கட்சியல்ல. தொலைந்த பொட்டலத்தைத் திரும்ப வாங்குகிற கட்சி. அதற்கு அவகாசம் வேண்டுமென்று கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் இங்கே கைதட்டி ஓய்ந்து இருபது நொடிக்குப் பிறகே அங்கே கைதட்டல் கேட்கும். தனியாகக் கேட்கிற கிழவிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

கச்சேரி முடிந்ததும் கூப்பிட்டேன். எடுத்தவுடன், "தம்புரா இருந்தது" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, "அத்தை, அத்தை!" என்று கூப்பிட்டேன்.

"இருக்கிறேன்டா. ஆமாம், மேடைக்குப் பக்கத்தில் யாரோ ஓயாமல் இருமுகிறாரே, யார் அது?"

காரியதரிசிதான். காதுக்கு ஏறாததையெல்லாம் எறிந்துவிடும் அந்த யந்திரம், அவர் இருமலை மட்டும் பத்திரமாகப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

"நாளைக்கு அவரை இரண்டு வரிசை பின்னால் உட்காரச் சொல்" என்றாள் அத்தை. ஒலிபரப்புக்கு அனுமதி கொடுத்தவரே அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை.