வரிசையில் முதலில் யார்?



ஊரோடு கதைக்கும்போது அம்மாவின் குரல் துண்டு துண்டாக வருகிறதா? பக்கத்து அறையில் பிள்ளை படம் இறக்கிக்கொண்டிருக்கக்கூடும். ஒரே இணைப்பில் இரண்டும் வரிசையில் நிற்கின்றன. யாரை முதலில் விடுவது என்பது இணையத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று.

1981இல் வெளியான இணைய நெறிமுறை, ஒவ்வொரு தரவுப் பொதியின் தலைப்பிலும் முன்னுரிமையைக் குறிக்க 3 பிற் இடம் ஒதுக்கியது. மொத்தம் 8 படிகள். அன்று அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம். ஆகவே படிகளின் பெயர்கள் பெரும்பாலும் இராணுவச் செய்தி முறையிலிருந்தே வந்தன. அங்கே அவசரத்தோடு அதிகாரமும் சேர்ந்தே எடைபோடப்பட்டது.

1987இல் நிலைமை வேறு. அமெரிக்காவின் என்.எஸ்.எப்.நெற் வலையமைப்பு ஆய்வாளர்களை மீகணினிகளோடு இணைத்தது. அதன் வேகம் நொடிக்கு 56,000 பிற் மட்டுமே. தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்பவர் ஓர் எழுத்தைத் தட்டினால், அது அங்கே போய்த் திரும்பிய பின்னரே திரையில் தெரியும். பெரிய கோப்புகள் பாதையை அடைத்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். டேவிட் மில்ஸ் உருவாக்கிய மென்பொருளில் இயங்கிய வழிப்படுத்திகள், தட்டெழுதுவோரின் சிறு பொதிகளை முதலில் அனுப்பத் தொடங்கின. மின்னஞ்சல் சற்றுப் பிந்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. இந்த ஏற்பாடு பகிரங்கமாக அறிவிக்கப்படவில்லை. 1988இல் வேகம் நொடிக்கு 15 இலட்சம் பிற்களாக உயர்ந்தது.

1998இல் அந்தத் தலைப்பிடம் 6 பிற்களாகத் திருத்தி வகுக்கப்பட்டது. இன்று குரல் பொதிகளுக்கு வழக்கமாக இடப்படும் எண் 46. தொலைபேசிக் குரலுக்கு நொடிக்கு 64,000 பிற் தாராளமாகப் போதும். ஆனால் ஒரு பக்கத் தாமதம் நொடியின் ஏழில் ஒரு பங்கைத் தாண்டினால் பேச்சு இடறத் தொடங்கும்.

இந்த வரலாறு சொல்வது இதுதான்: பெரியவருக்கு முதலிடம் என்பதைவிட, காத்திருக்க முடியாததற்கு முதலிடம் என்பதே நியாயமான வரிசை. பணம் கொடுப்பவருக்கு முதலிடம் என்ற முறை வந்தால் அந்த நியாயம் குலையும். அதனால்தான் பல நாடுகளில் இதுபற்றிச் சட்ட வாதங்கள் நடந்துள்ளன.

வீட்டு வழிப்படுத்திகள் பலவற்றில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி உண்டு. அது நம் வாசல் வரைக்கும்தான் செல்லும். இருந்தாலும், அடுத்த அழைப்புக்கு முன் பிள்ளையிடம் அதைப் போட்டுத்தரச் சொல்லுங்கள். படம் கொஞ்சம் பொறுத்து வரட்டும்.