செப்பேட்டிலிருந்து ஏழாம் எண் படிவம் வரை: மைசூர் அக்ரஹாரக் குடும்பங்களின் தடம்

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்தே போகும் தொலைவில், நூற்றொரு கணபதி கோவிலை ஒட்டிய பகுதிக்கு இன்றும் அக்ரஹாரம் என்றுதான் பெயர். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்து, உடையார்களின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்குத் திரும்பியபோது, அரசை அண்டி வாழ்ந்தவர்களும் உடன் வந்தார்கள். வேதம் ஓதுகிறவர்கள், பண்டிதர்கள், அர்ச்சகர்கள், கணக்கு எழுதுகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவர்கள். மைசூர்ச் சீமையின் பிராமணக் குடும்பங்களில் பல அதற்கும் முன்பே தமிழ்நாட்டிலிருந்து போனவை. செங்கோட்டையிலிருந்து நாச்சியாரம்மாள் என்ற பெண்ணின் வழிகாட்டலில் புறப்பட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சங்கேதிகள் பெட்டதபுரத்திலும் கௌசிகத்திலும் குடியேறினார்கள். வீட்டில் அவர்கள் பேசும் மொழியில் பழைய தமிழ் இன்னும் தெரிகிறது. மைசூர் அரசின் திவானாக இருந்த பூர்ணய்யாவின் பூர்வீகமும் கோயம்புத்தூர்ப் பக்கம்தான்.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் ஏழெட்டுத் தலைமுறையைத் தேடிப் போகிறவருக்குப் பிறப்புப் பதிவேடு கிடைக்காது, குடும்பப் பெயரும் பெரும்பாலும் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் சொத்து கைமாறியபோதோ, கைமாறுவதில் தகராறு வந்தபோதோ எழுதப்பட்ட காகிதங்களே. சண்டையில்லாமல் பாகம் பிரித்துக்கொண்ட வீடு ஆவணத்தில் அநேகமாக இராது. அண்ணன் தம்பி மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடந்த வீட்டில் பேரன் பேத்தி வரை பெயர் கிடைக்கும்.

முதல் சான்று தானப் பட்டயம். அக்ரஹாரம் என்பது அரசனோ அதிகாரியோ பிராமணர்களுக்கு வரி நீக்கிக் கொடுத்த ஊர். ஊரைப் பங்குகளாக வகுத்து, ஒவ்வொரு பங்கும் யாருக்கு என்று செம்பிலோ கல்லிலோ வெட்டினார்கள். மைசூரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள சோமநாதபுரம் அப்படிப் பிறந்த ஊர். ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகன் சோமநாதன் அதை அக்ரஹாரமாக ஏற்படுத்தினான். அங்கே கேசவர் கோவில் எழுந்த விவரமும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வழக்கத்தின் உச்சம் முதலாம் இராஜேந்திர சோழனின் கரந்தைச் செப்பேடுகள். ஒரே ஊரில் பங்கு பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமணர்களை அவை பெயர் சொல்லி அடுக்குகின்றன.

பட்டயத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. கொடுத்தவனின் வம்சப் புகழ், சக ஆண்டு, அறுபதாண்டுச் சுழற்சியில் ஆண்டின் பெயர், திதி, கிரகணம் ஏதேனும் இருந்தால் அது, ஊரின் நான்கெல்லை, புதையல் முதல் நீர்நிலை வரை எண்வகை உரிமை, கடைசியில் தானத்தைக் கெடுப்பவனுக்குச் சாபம். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு வேண்டியது நடுவில் வரும் பட்டியல்: பெற்றவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், கோத்திரம், சூத்திரம், ஓதும் வேதம், பங்கு எத்தனை. ஒருவருக்கு ஒன்றரைப் பங்கு, இன்னொருவருக்கு அரைப் பங்கு என்று வரும்போது ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது. மனைவியின் பெயர் இருக்காது. நிலத்தை உழுதவன் பெயரைத் தேடவே வேண்டாம்.

கோத்திரமும் சூத்திரமும் இல்லாவிட்டால் இந்தத் தேடலே நடக்காது. பெயரை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண முடியாது: மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம். வேங்கடராமய்யரின் மகன் சுப்பய்யர், சுப்பய்யரின் மகன் மறுபடியும் வேங்கடராமய்யர். தம்பி வீட்டுப் பேரனும் அதே தாத்தாவின் பெயரைத் தாங்கியிருப்பான். ஆண்டின் பெயரும் இதே தொல்லைதான். வெறும் ‘பிரமாதி வருஷம்’ என்றிருந்தால், அறுபது வருஷம் முன்னும் பின்னும் அதே பெயரில் ஆண்டு உண்டு. சக ஆண்டு சேர்ந்திருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் எழுத்தின் உருவத்தையும், உடன் வரும் அதிகாரியின் பெயரையும் வைத்துத்தான் காலம் குறிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்ட இடங்களில் வேலை எளிது. இதற்கு மண்டயம் ஐயங்கார்களைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1516இல் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர், மைசூருக்கு வடகிழக்கேயுள்ள மண்டியாவைக் கோவிந்தராஜர் என்ற வைணவ ஆசாரியருக்கு அக்ரஹாரமாகக் கொடுத்தார். ஊருக்குக் கிருஷ்ணராயபுரம் என்ற பெயரும் வந்தது. அரசர் வைத்த பெயர் மறைந்துபோனது. மண்டியாவோ ‘மண்டயம்’ என்று குடும்பத்தின் முன்னெழுத்தாகச் சென்னை வரை வந்தது. பாரதியார் ஆசிரியப் பணி செய்த ‘இந்தியா’ இதழை நடத்திய திருமலாச்சாரியாரும் ஸ்ரீனிவாசாச்சாரியாரும் மண்டயத்தார். விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் மண்டயத்தாரே. இவர்கள் எல்லாரையும் ஒரே மரத்தில் ஏற்றிவிட ஆசை வரும். அது அவசரம். முன்னெழுத்து ஊரைக் காட்டும், கிளையைக் காட்டாது. ஒரே அக்ரஹாரத்தில் பங்கு வைத்திருந்த வெவ்வேறு வீட்டாரும் ஒரே முன்னெழுத்தைப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

பட்டயம் என்றாலே உண்மை என்றும் கொள்ள முடியாது. நிலத்துக்கு வேறு சான்று இல்லாதபோது செம்பில் பழைய தேதி போட்டு வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. மைசூர் நாட்டில் கௌஜ அக்ரஹாரத்தின் பட்டயம் இதில் பேர்போனது. தானம் கொடுத்தவர் மகாபாரதத்து ஜனமேஜயன் என்கிறது அது. அதில் சொல்லப்பட்ட சூரிய கிரகணத்தைக் கணித்த இங்கிலாந்து அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி, பொருந்தும் ஆண்டு 1521 என்றார். எழுத்தையும் மொழியையும் வைத்து வேறு நூற்றாண்டு சொன்ன அறிஞர்களும் இருந்தார்கள். ஜனமேஜயன் காலம் என்று அவர்களில் யாரும் ஒப்பவில்லை. மைசூர் அரசின் தொல்பொருள் துறையில் பி. லூயி ரைஸ் ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் படியெடுத்து ‘எபிகிராபியா கர்நாடிகா’ தொகுதிகளாக அச்சிட்ட பிறகுதான், ஒரு பட்டயத்தை இன்னொன்றோடு வைத்துப் பார்க்கும் வசதி எல்லாருக்கும் வந்தது.

பட்டயத்துக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் நடுவே உள்ள காலத்தில் கைகொடுப்பவை கடதங்கள். துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரித்தூளும் பூசிக் காயவைத்து, கரும்பலகை போலாக்கி, விசிறி மடிப்பாக மடித்த கணக்குப் புத்தகம் கடதம். மாக்கல் குச்சியால் எழுதினால் வெள்ளை எழுத்து நிற்கும், வேண்டாதபோது அழிக்கவும் முடியும். அழித்து எழுதக்கூடிய கணக்கை எந்த அளவு நம்புவது என்ற கேள்வி இருந்தாலும், சிருங்கேரி மடத்தில் கடதங்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்கியிருக்கின்றன. மைசூர்க் கணக்குகளில் கன்னடத்தோடு மோடி எழுத்தில் மராத்தியும் கலந்து வரும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது அரிது.

கம்பெனி அரசும் அதன்பின் வந்த பிரிட்டிஷ் அரசும், இப்படித் தானமாக வந்த இனாம் நிலம் எந்த உரிமையில் அனுபவிக்கப்படுகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டன. சென்னை மாகாணத்தில் 1858க்குப் பிறகு இனாம் கமிஷன் உட்கார்ந்தது. மைசூரிலும் 1860களில் அதே மாதிரி விசாரணை நடந்தது. கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்று பத்தி பத்தியாக நிரப்பினார்கள். அக்ரஹாரத்தார் மடிசஞ்சியிலிருந்து செப்பேட்டை எடுத்துக்கொண்டு அதிகாரி முன் நின்ற காலம் அது. செப்பேடும் கடைசி அனுபவதாரரும் ஒரே வரிசையில் வந்து சேரும் முதல் காகிதம் இந்தப் பதிவேடு. இந்த விசாரணை முடிவுகளுக்குப் பெரிய மதிப்புத் தர வேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்சிலும் 1919இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொன்னது.

உயில் என்று வரும்போது மைசூர்த் தேடலும் அமெரிக்கக் குடும்ப வரலாற்றுத் தேடலும் பிரிந்துவிடுகின்றன. காலனிக் கால வர்ஜீனியாவில் குடும்பம் தேடுகிறவருக்கு முதுகெலும்பே உயில்தான். மாவட்டக் கோர்ட்டில் பதிவான உயிலில் மனைவிக்கு என்ன, எந்த மகனுக்கு எந்த நிலம், மகளுக்கு எந்தப் பசு என்பது வரை இருக்கும். மூத்த மகன் பெயர் சில உயில்களில் காணாமல் போவதும் உண்டு. உயில் இல்லாவிட்டாலும் நிலம் சட்டப்படி மூத்தவனுக்குத்தான் என்பதால் தனியே எழுதும் தேவை இல்லை. பெயர் இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மைசூர் அக்ரஹாரத்தில் நடந்தது மிதாட்சர முறை. பிதுரார்ஜிதத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு உண்டு. கூட்டுக் குடும்பத்தில் பிரியாத தன் பங்கை உயிலில் எழுதும் உரிமை 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டம் வரும்வரை தகப்பனுக்கு இல்லை. அதனால் பழைய உயில்களில் வருவது சுயார்ஜிதம், கோவில் கட்டளை, சுவீகாரம் எடுக்க மனைவிக்குத் தரும் அனுமதி ஆகியவையே. குடும்பத்தின் முழு உருவம் அவற்றில் கிடையாது.

சென்னைப் பட்டணம் இதற்கு விலக்கு. அங்கே 1726 சாசனப்படி அமைந்த மேயர் கோர்ட்டிலிருந்தே உயிலை மெய்ப்பிக்கும் ஏற்பாடு இருந்தது. துபாஷ் பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் மாதம், இறப்பதற்குச் சில நாள் முன்பு எழுதிவைத்த உயில், தென்னாட்டு உயில்களில் வெகு தூரம் பயணப்பட்டது. காசி முதல் கோவில்களுக்கு எழுதிய தருமப் பணம் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு அதை வட்டியோடு மீட்டது. அதில் மிஞ்சிய பங்கில்தான் 1842இல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. மண்டயம் அளசிங்கப் பெருமாள் ஆசிரியர் வேலை பார்த்தது அந்தப் பள்ளியில்.

உயில் சொல்லாததை மைசூரில் வழக்குக் கட்டு சொல்லும். 1884இல் மைசூருக்குச் சீஃப் கோர்ட் வந்தது, 1930இல் அது ஹைகோர்ட் ஆனது. பாகப்பிரிவினை வழக்கென்றால் பிராதோடு வம்சாவளி வைத்தாக வேண்டும். மூலபுருஷனில் தொடங்கி வாதி பிரதிவாதி வரை கட்டம் போட்டு எழுதிய மரம் அது. எதிர்க்கட்சி அதை அப்படியே ஒப்புக்கொள்வது அபூர்வம். ‘இவருக்கு ஆண் சந்ததி இல்லை’, ‘இந்தச் சுவீகாரம் செல்லாது’ என்று அவர்கள் ஒரு மரம் போடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கிளையில் சண்டையில்லையோ அதை ஓரளவு நம்பலாம். 1872 சாட்சியச் சட்டம், இறந்துபோனவர் உயிலிலோ குடும்ப வம்சாவளியிலோ கல்லறைக் கல்லிலோ எழுதிய உறவைச் சாட்சியமாக ஏற்றது. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட பத்திரம், இருக்க வேண்டிய கையில் இருந்து வந்தால் உண்மையென்று அனுமானிக்கவும் இடம் கொடுத்தது. பரண்மேல் கிடந்த ஓலைகள் கோர்ட் முத்திரையோடு பிழைத்ததற்கு இதுவே காரணம்.

செப்பேட்டில் பெயரில்லாத பெண்கள் பேசத் தொடங்குவதும் இங்கேதான். ஜீவனாம்சம் கேட்கும் விதவை, சீதன நகையைத் திருப்பிக் கேட்கும் மருமகள், கணவன் வாயால் அனுமதி கொடுத்தான் என்று சொல்லிச் சுவீகாரம் எடுத்தவள் என்று பலர் வாக்குமூலத்தில் பெயரும் வயதும் சொல்கிறார்கள். தாயாதிகள் யார் யார், எந்த வருஷம் தனிச்சமையல் ஆனது என்றெல்லாம் அவர்கள் சொன்னவை வேறெங்கும் இல்லை. 1933இல் மைசூர் சமஸ்தானம் இந்துப் பெண்கள் உரிமைச் சட்டம் கொண்டுவந்து, பாகப்பிரிவினையில் விதவைக்கும் தாய்க்கும் மணமாகாத மகளுக்கும் பங்கு கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியா இதைப்போல ஒன்றைச் செய்ய 1937 வரை ஆனது. 1933க்குப் பின் வரும் மைசூர் வம்சாவளிகளில் பெண் கட்டங்கள் கூடிப்போவது கண்ணுக்கே தெரியும்.

சப்ரிஜிஸ்திரார் ஆபீசில் தேடுவதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. பதிவுச் சட்டப்படி 1ஆம் புத்தகம் நிலம், வீடு பற்றிய பத்திரங்களுக்கு. பாகப்பிரிவினை அங்கே இருக்கும், யாரும் பார்க்கலாம். 3ஆம் புத்தகத்தில் உயிலும் சுவீகார அனுமதியும். அதன் நகல் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு மட்டும், இறந்த பின் கேட்பவர்க்கெல்லாம்.

சொத்து பெரிதாக இருந்தால் தடமும் துலக்கமாக இருக்கும். பூர்ணய்யாவுக்கு 1807இல் எளந்தூர் ஜாகிராகக் கிடைத்தது. 1811இல் பதவி விட்டு, மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் இறந்தார். ஜாகிர் வழிவழியாக இறங்கியதால் வாரிசு வரிசை அரசுக் கோப்பிலேயே நிற்கிறது. அவ்வரிசையில் வந்த பி. என். கிருஷ்ணமூர்த்தி 1901 முதல் 1906 வரை மைசூர் திவானாக இருந்தார். மைசூரின் கிருஷ்ணமூர்த்திபுரம் அவர் பெயரில் உள்ளது. அரைப் பங்கு அக்ரஹார வீட்டாருக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் காசி, கயை, இராமேசுவரம் ஆகிய தலங்களின் புரோகிதர்களான பண்டாக்களின் வழிவழிக் கணக்கு நோட்டிலும், சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் தன் தகப்பன் பெயரும் ஊரும் போட்டு முடிக்கும் வரிகளிலும்தான் தட்டுப்படுவார்கள்.

காகிதத்தோடு சேராத நினைவும் உண்டு. மேல்கோட்டை மண்டயம் ஐயங்கார்களில் பலர் தீபாவளி கொண்டாடுவதில்லை. திப்பு காலத்தில் ஒரு நரக சதுர்த்தசியன்று தங்கள் முன்னோர் கொல்லப்பட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் காரணமாகச் சொல்லப்படும், உடையார் அரசி லட்சுமி அம்மண்ணி சார்பில் அவர் முகவர் திருமலராவ் 1782இல் தஞ்சாவூரில் ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கைக்குத் தேதியும் கையெழுத்தும் உண்டு. கொலையைப் பற்றிய நினைவு அந்த அளவு சான்றோடு நிற்கவில்லை, வரலாற்றாசிரியர்களிடையே வாதம் நடக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு பண்டிகையை விட்டிருப்பதும் ஒரு சான்றுதான். அது எதற்குச் சான்று என்பதில்தான் வழக்கு.

1954இல் மைசூர் அரசு தனிநபர் இனாம்களை ஒழித்தது. ஜோடி என்ற குறைந்த வரி மட்டும் கட்டிவந்த ஊர்கள் சாதாரண ரயத்துவாரி ஊர்களாயின. இழப்பீட்டுக்காகக் கொடுத்த மனுக்களில் அக்ரஹாரப் பங்குதாரர்கள், பம்பாய்க்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் உட்பட, கடைசியாக ஒரே பட்டியலில் வந்தார்கள். இருபது வருஷம் கழித்து, மைசூர் மாவட்டத்துக்காரரான தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது, நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் 1974 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உழுத குத்தகைதாரர் நில உரிமை கேட்டு ஏழாம் எண் படிவம் எழுதி நிலத் தீர்ப்பாயத்தில் கொடுத்தார். அந்தப் படிவத்தில் மனுதாரராக வருவது உழுதவரின் பெயர், அவர் தகப்பனார் பெயர், எத்தனை வருஷமாக உழுகிறார் என்ற விவரம். நிலச் சொந்தக்காரர் என்ற இடத்தில்தான் அக்ரஹாரத்தார் வருகிறார்.