கசிவின் ஊற்று எது? அனலாக் ஃபில்டர்களில் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் ஒலிப்பாதையில் கலப்பது பற்றி

அனலாக் சின்தசைசரின் ஃபில்டருக்குள் ஒலி எதையும் அனுப்பாமல், வெட்டு அதிர்வெண்ணை ஆளும் மின்னழுத்தத்தை மட்டும் திடீரென உயர்த்தினால், வெளியே எதுவும் கேட்கக் கூடாது. ஆனால் பல சுற்றுகளில் ‘டொப்’பென்று ஒரு தட்டல் கேட்கிறது. 500 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கட்டுப்பாட்டு வாயிலில் செலுத்தினால் அந்தச் சுரமே மெலிதாக வந்து நிற்கிறது. டிரான்சிஸ்டர் இணைகள் ஒத்துப்போகாததே காரணம், பொறுக்கி எடுத்த இணைகளைப் போட்டால் தீரும் என்பது வழக்கமான விளக்கம். மின்னழுத்தத்தால் ஆளப்படும் பெருக்கிக்கு (விசிஏ) அது முற்றிலும் சரி. ஃபில்டருக்கு அதை அப்படியே பொருத்தியதில்தான் பிழை இருக்கிறது.

விசிஏவில் ஓர் இணையின் பிறழ்வு 1 மில்லிவோல்ட் என்றால், அறை வெப்பநிலையில் வெப்ப மின்னழுத்தம் சுமார் 26 மில்லிவோல்ட் என்பதால், இரு கைகளின் மின்னோட்டங்கள் ஏறக்குறைய 4 சதவீதம் வேறுபடும். வெளியீடு அந்த வேறுபாட்டை மின்தடை வழியே மின்னழுத்தமாக்குகிறது. ஆகவே கட்டுப்பாட்டு மின்னோட்டம் பத்து மடங்கானால் கசிவும் பத்து மடங்காகும். ராபர்ட் மூக் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற டிரான்சிஸ்டர் ஏணியின் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு படியிலும் மின்தேக்கியின் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் இரு மின்னோட்டங்களின் விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது. மொத்த மின்னோட்டம் எவ்வளவு மாறினாலும் விகிதம் மாறாது, எனவே பிறழ்வு அசையாத நேர்மின்னழுத்தமாகவே தங்கிவிடும். அசைவது இரு பக்கங்களுக்கும் பொதுவான மின்னழுத்தம். மின்னோட்டம் பத்து மடங்காகும்போது அது சுமார் 60 மில்லிவோல்ட் நகரும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை போனால் 180 மில்லிவோல்ட். ஏணிக்குள் ஓடும் ஒலிக்குறிகையோ சில பத்து மில்லிவோல்ட்தான். 1 சதவீதப் பிசகுள்ள மின்தடைகளால் கட்டிய, இரு பக்கங்களின் வேறுபாட்டை எடுக்கும், பெருக்கம் ஒன்றான எளிய கழித்தல் சுற்று, மோசமான நிலையில், அந்தப் பொது நகர்வில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 3.6 மில்லிவோல்ட்டை, வெளியே விட்டுவிடும். ஏணியின் அடியில் இணைகளைப் பொறுக்குவதில் காட்டும் கவனத்தை உச்சியிலுள்ள அந்த மின்தடைகளில் காட்டியிருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும்.

எல்எம்13700 போன்ற ஓடிஏ (கடத்துதிறன் பெருக்கி) சில்லுகளால் ஆன ஃபில்டர்களும் இதையே வேறு வழியில் காட்டுகின்றன. ஒவ்வொரு படியையும் சுற்றிப் பின்னூட்டம் இருப்பதால், உள்ளீட்டுப் பிறழ்வு ஒரு நிலையான எண்ணாக அடங்கிவிடுகிறது. மின்தேக்கியை அடுத்துள்ள இடையகம் உறிஞ்சும் மின்னோட்டம் அப்படி அடங்குவதில்லை. ஓடிஏ அதை ஈடுகட்டியாக வேண்டும். அதற்குத் தேவையான உள்ளீட்டு மின்னழுத்தம், கடத்துதிறன் குறையக் குறைய ஏறும். கட்டுப்பாட்டு மின்னோட்டம் 1 மைக்ரோஆம்பியராக இருக்கையில் இடையகம் 100 நானோஆம்பியர் இழுத்தால், உள்ளீட்டில் 5 மில்லிவோல்ட் பிழை தோன்றும். உள்ளீட்டிலுள்ள குறைப்பான் எத்தனை மடங்கு குறைக்கிறதோ, வெளியீட்டில் பிழை அத்தனை மடங்கு பெருகும். ஆக, இக்கசிவு தாழ்ந்த வெட்டு அதிர்வெண்ணில்தான் மிகுதி. விசிஏவில் காண்பதற்கு நேர்மாறு. எல்எம்13600-இல் இடையகத்தின் மின்னோட்டம் கட்டுப்பாட்டோடு சேர்ந்தே மாறியது. எல்எம்13700-இல் அந்தப் பிணைப்பு அறுக்கப்பட்டது. ஒலிப் பயன்பாட்டுக்கு இது மேலானதாகலாம் என்று தரவேடே சொல்கிறது. எஃப்இடி உள்ளீடுள்ள செயற்பாட்டுப் பெருக்கியை இடையகமாக வைத்தால் இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடும்.

பிறழ்வைத் திருத்தும் திருகைச் சுழற்றினால் தட்டல் குறைகிறதே என்று கேட்கலாம். குறையும், ஆனால் அத்திருகு எல்லாப் பிழைகளின் கூட்டுத்தொகையை ஒரே புள்ளியில் சுழியாக்குகிறது, கட்டுப்பாட்டை வேறிடத்துக்கு நகர்த்தினால் பிழை திரும்பும். ஒத்ததிர்வும் மின்னழுத்தத்தால் ஆளப்படும்போது மட்டும் பழைய விளக்கத்துக்கு இடமுண்டு. நான்கு படி ஃபில்டரில் பின்னூட்டம் நேர்மின்னோட்டத்தையும் கடத்துமானால், அலைவு தொடங்கும் எல்லையில் நேர்மின்பெருக்கம் ஐந்தில் ஒன்றாகச் சரியும். அசையாதிருந்த பிறழ்வும் அப்போது அசையும். வெளியீட்டில் ஒரு மின்தேக்கி போதும் என்ற வாதம் இதைவிட வலுவற்றது. 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் மின்தேக்கி, மெதுவாக எழும் உறையை (காலப்போக்கில் ஏறி இறங்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தை) தடுக்கும். ஒரு மில்லிவினாடியில் எழும் உறையின் ஆற்றல் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை விரிவதால் அது தடையின்றிக் கடந்துவிடும். தாள ஒலிக்கு அந்தத் தட்டல் அழகு சேர்க்கிறது என்போரும் உண்டு. வேண்டுவோர் உறை மின்னழுத்தத்தில் சிறிதை ஒலிக்கலவையில் தாமே சேர்த்துக்கொள்ளலாம். வேண்டாதவருக்கோ, சுற்றுக்குள்ளேயே கலந்துவிட்டதைப் பிரித்தெடுக்க வழியில்லை.