இசை நிகழ்படம்

இசை நிகழ்படம் என்பது ஒரு பாடலுக்கு அல்லது இசைக்கோவைக்கு ஏற்ப உருவாக்கப்படும் குறும் நிகழ்படம் ஆகும். பேச்சு வழக்கில் இது மியூசிக் வீடியோ என்று அழைக்கப்படுகிறது. பாடலை விளம்பரப்படுத்தி இசைத்தட்டு விற்பனையைக் கூட்டுவதே தொடக்கத்தில் இதன் நோக்கமாக இருந்தது. 1981 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் எம்டிவி தொலைக்காட்சி தொடங்கப்பட்ட பின்னர், இது வெகுசன இசையின் போக்கையே மாற்றிய ஊடகமாக வளர்ந்தது. வானொலி வழியாகக் காதுக்கு மட்டும் எட்டிய பாடல் கண்ணுக்கும் உரியதாயிற்று. பாடகரின் தோற்றம், உடை, நடனம் ஆகியன குரலுக்கு இணையான மதிப்பைப் பெற்றன. அதே வேளையில், எந்தக் கலைஞரை மக்கள் காண வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் சில தொலைக்காட்சி நிர்வாகிகளின் கைக்குச் சென்றது.

முன்னோடிகள்

பாடலையும் படத்தையும் இணைக்கும் முயற்சி தொலைக்காட்சி பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1940களில் அமெரிக்க உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் பனோரம் என்னும் இயந்திரம் வைக்கப்பட்டிருந்தது. அதில் பத்து சென்ட் நாணயம் இட்டால் மூன்று நிமிட அளவிலான பாடற்படம் ஒன்று திரையில் ஓடும். இப்படங்கள் சவுண்டீஸ் எனப்பட்டன. படச்சுருளில் அடுத்து எது வருகிறதோ அதையே பார்க்க இயலும்; விரும்பிய பாடலைத் தெரிவு செய்ய இயலாது. 1960 இல் பிரான்சில் அறிமுகமான ஸ்கோபிடோன் இயந்திரம் இக்குறையை நீக்கியது.

1956 இல் எல்விஸ் பிரெஸ்லியும் 1964 பெப்ரவரியில் பீட்டில்ஸ் இசைக்குழுவினரும் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் தோன்றியமை, தொலைக்காட்சியின் ஆற்றலை இசைத்துறைக்கு உணர்த்தியது. பீட்டில்ஸ் தோன்றிய முதல் நிகழ்ச்சியை ஏறத்தாழ 7.3 கோடிப் பேர் பார்த்தனர். பின்னர் ஒவ்வொரு தொலைக்காட்சி நிலையத்துக்கும் நேரில் செல்ல இயலாத நிலையில், 1965 இல் இக்குழுவினர் தம் பாடல்களைப் படம்பிடித்து நிலையங்களுக்கு அனுப்பத் தொடங்கினர்.

பிரித்தானியாவில் பிபிசியின் டாப் ஆஃப் த பாப்ஸ் (1964-2006) நிகழ்ச்சி இத்தகைய படங்களுக்குத் தேவையை உருவாக்கியது. 1975 இல் இசைச் சுற்றுப்பயணம் காரணமாக இந்நிகழ்ச்சியில் பங்கேற்க இயலாத குயீன் குழுவினர், "பொகீமியன் ராப்சடி" பாடலுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஒரு நிகழ்படத்தைப் பதிவு செய்தனர். பாடல் பிரித்தானியத் தரவரிசையில் தொடர்ந்து ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதன் பின் பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனங்கள் முக்கியமான பாடல்களுக்கு நிகழ்படம் எடுப்பதை வழக்கமாக்கிக் கொண்டன.

எம்டிவியின் தோற்றம்

வார்னர் கம்யூனிகேசன்சு, அமெரிக்கன் எக்சுபிரசு ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக எம்டிவி 1981 ஆகத்து 1 அன்று நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில் ஒளிபரப்பைத் தொடங்கியது. முதலில் காட்டப்பட்டது த பகிள்ஸ் குழுவினரின் "வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்" ஆகும். வானொலி நட்சத்திரத்தை நிகழ்படம் கொன்றுவிட்டது என்பது இத்தலைப்பின் பொருள்.

எம்டிவி வானொலி நிலையத்தைப் போலவே வடிவமைக்கப்பட்டிருந்தது. பாடல்கள் 24 மணி நேரமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. இடையில் தொகுப்பாளர்கள் பேசினர். நிகழ்படங்களை இசைத்தட்டு நிறுவனங்கள் விளம்பர நோக்கில் இலவசமாகத் தந்தன. எனவே நிகழ்ச்சித் தயாரிப்புச் செலவு எம்டிவிக்கு மிகக் குறைவு. தொடக்கத்தில் சில கம்பிவடத் தொலைக்காட்சி வலையமைப்புகளில் மட்டுமே இது கிடைத்தது. நியூயார்க்கின் மன்காட்டனில் கூடத் தெரியவில்லை. 1982 இல் தொடங்கிய விளம்பர இயக்கம், இந்த அலைவரிசையைக் கேட்டு உள்ளூர்க் கம்பிவட நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் அழைக்குமாறு இளைஞர்களைத் தூண்டியது. எம்டிவி தெரிந்த நகரங்களில், உள்ளூர் வானொலி ஒலிபரப்பாத இசைத்தட்டுகளும் விற்கத் தொடங்கின.

பிரித்தானிய இசைக்குழுக்களின் எழுச்சி

தொடக்க காலத்தில் எம்டிவியின் கைவசம் சில நூறு நிகழ்படங்களே இருந்தன. அவற்றில் பல பிரித்தானியாவிலிருந்து வந்தவை. இதனால் அமெரிக்க வானொலி கண்டுகொள்ளாத பிரித்தானியக் குழுக்கள் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தன. 1983 இன் நடுப்பகுதியில் அமெரிக்கத் தரவரிசையின் முதல் 40 பாடல்களில் ஏறத்தாழப் பாதி பிரித்தானியக் கலைஞர்களுடையவை. இது இரண்டாம் பிரித்தானியப் படையெடுப்பு எனப்படுகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டுரான் டுரான் குழுவாகும். இவர்களது "ஹங்ரி லைக் த வுல்ஃப்", "சேவ் எ பிரேயர்" ஆகிய பாடல்களின் நிகழ்படங்கள் 1982 இல் இலங்கையில் படமாக்கப்பட்டன. இரண்டாவது நிகழ்படத்தில் சிகிரியாக் குன்றும் பொலன்னறுவைச் சிலைகளும் இடம்பெற்றுள்ளன. இவற்றை இயக்கிய ரசல் முல்காகியே எம்டிவியின் முதல் நிகழ்படத்தையும் இயக்கியவர். முதலில் அமெரிக்காவில் எடுபடாத "ஹங்ரி லைக் த வுல்ஃப்", எம்டிவியில் அடிக்கடி காட்டப்பட்ட பின் 1983 இல் தரவரிசையில் மூன்றாம் இடத்தை எட்டியது.

கறுப்பினக் கலைஞர்களும் எம்டிவியும்

எம்டிவியின் முதலிரு ஆண்டுகளில் கறுப்பினக் கலைஞர்களின் நிகழ்படங்கள் மிக அரிதாகவே காட்டப்பட்டன. தாம் ராக் இசைக்கான அலைவரிசை என்றும், இது இசை வகை சார்ந்த தெரிவே அன்றி நிறம் சார்ந்தது அன்று என்றும் நிர்வாகம் விளக்கம் அளித்தது. தனது "சூப்பர் ஃபிரீக்" நிகழ்படம் மறுக்கப்பட்டதை அடுத்து ரிக் ஜேம்ஸ் எம்டிவியை வெளிப்படையாகக் கண்டித்தார். 1983 இல் எம்டிவிக்கு அளித்த நேர்காணலிலேயே, கறுப்பினக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவாக இடம்பெறுகின்றனர் என்று வெள்ளையரான டேவிட் போவி கேள்வி எழுப்பினார்.

அதே ஆண்டில் வெளிவந்த எர்பி ஆன்காக்கின் "ராக்கிட்" நிகழ்படத்தில் இயந்திரப் பொம்மைகளே நிறைந்திருந்தன. பாடலின் சொந்தக்காரரான ஆன்காக், உள்ளே இருக்கும் ஒரு சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் மட்டுமே காணப்படுகிறார். எம்டிவி மறுத்துவிடக்கூடாது என்பதற்காகவே தன் உருவத்தைக் குறைத்துக் காட்டச் செய்ததாக அவர் பின்னாளில் கூறினார். இந்நிகழ்படம் 1984 இல் முதன்முறையாக நடைபெற்ற எம்டிவி விருது விழாவில் ஐந்து விருதுகளைப் பெற்றது.

இத்தடை உடைந்ததில் மைக்கேல் ஜாக்சனின் "திரில்லர்" இசைத்தொகுப்புக்குப் பெரும்பங்கு உண்டு. இத்தொகுப்பிலுள்ள "பில்லி ஜீன்" நிகழ்படம் 1983 மார்ச்சில் எம்டிவியில் இடம்பெற்றது. அதைக் காட்ட மறுத்தால் தன் கலைஞர்கள் அனைவரின் நிகழ்படங்களையும் திரும்பப் பெறப்போவதாக சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனம் அச்சுறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. எம்டிவி நிர்வாகிகள் இதை மறுத்துள்ளனர். 1983 டிசம்பரில் வெளியான "திரில்லர்" நிகழ்படம் ஏறத்தாழ 14 நிமிடங்கள் நீளம் கொண்டது. திரைப்பட இயக்குநர் ஜான் லாண்டிஸ் இதை இயக்கினார். 2009 இல் இது அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. இச்சிறப்பைப் பெற்ற முதல் இசை நிகழ்படம் இதுவே.

ராப் இசைக்கும் இதே போன்று வாயில் மெதுவாகத் திறந்தது. 1986 இல் ரன்-டிஎம்சி குழுவினர் ஏரோஸ்மித் ராக் குழுவினருடன் இணைந்து உருவாக்கிய "வாக் திஸ் வே" நிகழ்படத்தில், இரு குழுக்களுக்கும் நடுவிலுள்ள சுவர் உடைக்கப்படுகிறது. 1988 இல் "யோ! எம்டிவி ராப்ஸ்" நிகழ்ச்சி தொடங்கப்பட்ட பின், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் தெருக்களில் வளர்ந்த ராப் இசை சிற்றூர்களையும் அயல்நாடுகளையும் சென்றடைந்தது.

இசையிலும் பண்பாட்டிலும் ஏற்பட்ட மாற்றங்கள்

காட்சிக்கு முதன்மை கிடைத்ததால் மடோனா, மைக்கேல் ஜாக்சன் போன்ற நடனத் திறன் மிக்க கலைஞர்கள் முன்னிலை பெற்றனர். பாடகரின் ஆடையும் சிகை அலங்காரமும் சில வாரங்களில் உலகெங்கும் பின்பற்றப்பட்டன. விரைவான படத்தொகுப்பு முறை, "ஃபிளாஷ்டான்ஸ்" (1983) திரைப்படத்திலும் "மயாமி வைஸ்" (1984) தொலைக்காட்சித் தொடரிலும் எதிரொலித்தது.

இசை நிகழ்படம் தொழில்நுட்பச் சோதனைக் களமாகவும் விளங்கியது. 1985 இல் வெளிவந்த ஆ-ஹா குழுவினரின் "டேக் ஆன் மீ" நிகழ்படத்தில் கோட்டோவிய அசைபடமும், டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவினரின் "மனி ஃபார் நத்திங்" நிகழ்படத்தில் கணினி வரைகலையும் பயன்பட்டன. பீட்டர் கேப்ரியலின் "சிலெட்ச்ஆமர்" (1986) களிமண் உருவ அசைபடத்தைக் கையாண்டு, 1987 இல் ஒன்பது எம்டிவி விருதுகளைப் பெற்றது. டேவிட் ஃபிஞ்சர், ஸ்பைக் ஜோன்ஸ், மிசேல் கோந்திரி ஆகிய இயக்குநர்கள் இசை நிகழ்படங்கள் வழியே திரைப்படத் துறையில் பெயர் பெற்றனர்.

தயாரிப்புச் செலவும் உயர்ந்தது. மைக்கேல் ஜாக்சனும் சேனட் ஜாக்சனும் தோன்றிய "ஸ்கிரீம்" (1995) நிகழ்படத்துக்குச் சுமார் 70 இலட்சம் அமெரிக்க டாலர்கள் செலவானதாகக் கூறப்படுகிறது. நிகழ்படச் செலவின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கலைஞரின் உரிமத்தொகையிலிருந்து கழித்துக் கொள்வது இசைத்தட்டு நிறுவனங்களின் வழக்கம் ஆகும். எனவே விளம்பரத்தின் சுமை கலைஞர் மீதே விழுந்தது.

திறனாய்வு

தோற்றத்துக்குத் தரப்படும் மதிப்பு இசையைப் பின்தள்ளுகிறது என்ற குற்றச்சாட்டு தொடக்கம் முதலே உண்டு. இதற்கு மில்லி வனில்லி இருவர் குழு சான்றாகக் காட்டப்படுகிறது. 1990 பெப்ரவரியில் சிறந்த புதிய கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்ற இவர்கள், தம் இசைத்தட்டில் பாடவே இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. பாடியவர்கள் வேறு சிலர். இவர்கள் வாயசைத்து ஆடியவர்கள். அதே ஆண்டு நவம்பரில் விருது திரும்பப் பெறப்பட்டது.

1989 இல் எம்டிவி தொடங்கிய "அன்பிளக்ட்" நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. மின்னிசைக் கருவிகளைத் தவிர்த்து, சிறு அவையின் முன் கலைஞர்கள் நேரடியாகப் பாடினர். எரிக் கிளாப்டன் (1992), நிர்வானா (1993) ஆகியோரின் நிகழ்ச்சிகள் புகழ்பெற்ற இசைத்தொகுப்புகளாகவும் வெளிவந்தன.

தமிழ்ச் சூழல்

தமிழில் வெகுசன இசை என்பது பெரும்பாலும் திரையிசையே ஆதலால், பாடலுக்குக் காட்சி புதியதன்று. சென்னைத் தொலைக்காட்சியின் "ஒளியும் ஒலியும்" நிகழ்ச்சி, திரைப்படப் பாடற்காட்சிகளைத் தொகுத்து வழங்கிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1991 இல் ஸ்டார் தொலைக்காட்சி வழியாக எம்டிவி ஆசியாவுக்கு வந்தது. 2004 இல் சன் மியூசிக் தொடங்கப்பட்டது. எனினும் ஒளிபரப்பில் திரைப்பாடல்களே மேலோங்கியிருந்தன. திரைப்படம் சாராத பாடகர்களுக்குக் கிடைத்த இடம் சிறிது.

இந்நிலையை இணையமே மாற்றத் தொடங்கியது. 2011 நவம்பரில் யூடியூபில் வெளியான "ஒய் திஸ் கொலவெறி டி" ஒரு திரைப்பாடலே எனினும், படக்காட்சியாக அன்றி ஒலிப்பதிவுக் கூடக் காட்சியாகவே உலகெங்கும் பரவியது. 2021 இல் வெளிவந்த "எஞ்சாய் எஞ்சாமி", திரைப்படத்தின் துணையின்றியே கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றது.

தொலைக்காட்சியிலிருந்து இணையத்துக்கு

ஒவ்வொரு பாடல் முடிவிலும் பார்வையாளர் வேறு அலைவரிசைக்கு மாறிவிடுவது எம்டிவிக்குத் தொடர்ந்து சிக்கலாக இருந்தது. 1992 இல் தொடங்கிய "த ரியல் வேர்ல்ட்" போன்ற உண்மைநிலை நிகழ்ச்சிகள் அவர்களை நீண்ட நேரம் இருத்தி வைத்தன. இத்தகைய நிகழ்ச்சிகள் பெருகப் பெருக இசை நிகழ்படங்கள் குறைந்தன. 2010 இல் எம்டிவி தன் இலச்சினையிலிருந்து "இசைத் தொலைக்காட்சி" என்னும் சொற்களை நீக்கியது. 2025 டிசம்பர் 31 அன்று பிரித்தானியாவில் இயங்கிய எம்டிவியின் ஐந்து இசை அலைவரிசைகள் நிறுத்தப்பட்டன.

இதற்கிடையே 2005 இல் தோன்றிய யூடியூப் இசை நிகழ்படத்தின் புதிய இருப்பிடமாயிற்று. 2012 டிசம்பரில் தென் கொரியாவின் சை பாடிய "கங்னம் ஸ்டைல்" அத்தளத்தில் நூறு கோடிப் பார்வைகளை எட்டிய முதல் நிகழ்படமானது. 2013 முதல் 2026 சனவரி வரை அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசை யூடியூப் பார்வைகளையும் கணக்கில் கொண்டது. நிகழ்படத்தை வெளியிடத் தொலைக்காட்சி நிர்வாகியின் ஒப்புதல் இன்று தேவையில்லை. ஆயினும் அது எத்தனை பேர் கண்ணில் படும் என்பதைப் பெருமளவு தளங்களின் பரிந்துரை நிரல்களே தீர்மானிக்கின்றன.

இவற்றையும் பார்க்க

எம்டிவி
மைக்கேல் ஜாக்சன்
ராப் இசை
ஒளியும் ஒலியும்
யூடியூப்