அம்பர் வந்த ஆழம்

இசைவாக்கம் என்றதும் நம் பிள்ளைகள் ஒட்டகத்தையும் துருவக் கரடியையும்தான் எழுதுவார்கள். ஓர்ஸ் ஹில்லில் (உவர்மலை என்பதே நம்மவர் வழக்கு) நின்றால் தெரிகிற துறைமுகத்துக்கு வெளியே, அவ்விரண்டும் தாக்குப்பிடிக்க முடியாத ஓரிடத்தில் வாழ்வு நடத்தும் பிராணியை எவரும் எழுதுவதில்லை.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் எல்லோரும் திருகோணமலையை விரும்பியது அதன் ஆழத்துக்காக. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தது. ஆனால் கப்பற்காரர் கண்ட ஆழம் வெறும் வாசற்படி. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்கிப் போகிறது. அங்கே வெளிச்சமில்லை, குளிர். ஆயிரம் மீற்றரில் அமுக்கம் தரையில் உள்ளதைப் போல நூறு மடங்கு.

அந்த இருளுக்குள் கணவாய் தேடி இறங்குவது ஸ்பேர்ம் திமிங்கிலம். மீனல்ல, நுரையீரலால் சுவாசித்து, குட்டிக்குப் பாலூட்டுவது. முக்கால் மணி நேரம், சில வேளை ஒரு மணி நேரம்கூட மூச்செடுக்காது. இதன் சூட்சுமம் பெரிய நுரையீரல் அல்ல. ஆழத்தில் விலாக்கூடு வளைந்து கொடுக்க, நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடுகிறது. அதனால் நைதரசன் குருதியில் அதிகம் கரைவதில்லை. (சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடிக்கப் போய், அவசரமாக மேலே வந்து கைகால் வழங்காமற் போன இளைஞர்களைக் கரையோரக் கிராமங்கள் அறியும்.) இதயத் துடிப்பு மந்தமாகும். ஒட்சிசனைத் தசையே சேமித்து வைத்திருக்கும். அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் மிகுந்திருப்பதால் இறைச்சி ஏறத்தாழக் கறுப்பு. ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை மனிதன் முதன்முதலில் கண்டது இந்தத் திமிங்கிலத்தின் மயோகுளோபினில்தான். 1958இல் ஜோன் கென்ட்ரூ அதைக் கண்டார். 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் முன்னோருக்கு இப்பிராணி முற்றிலும் அந்நியமில்லை. அதன் குடலில் விளைந்ததை அவர்கள் விற்றார்கள். கணவாயின் கடினமான சொண்டு செரிக்காமல் தங்க, அதைச் சுற்றி உருவாவதே அம்பர். அறபியில் திமிங்கிலத்துக்கும் அன்பர் என்றே பெயர். கரையொதுங்கிய அன்பரை ஸஹாபாக்கள் பசி தீர உண்ட செய்தியை ஜாபிர் (ரலி) அறிவிப்பாகப் புகாரியில் காணலாம். 'சீன, இந்தியச் செய்திகள்' என்ற பழைய அறபு நூலோ, அம்பர் கடலடியில் செடி போல் முளைப்பதாகவும் திமிங்கிலம் அதை விழுங்கி மடிவதாகவும் சொல்கிறது. காரணமும் விளைவும் தலைகீழ்தான். ஆயினும் இரண்டுக்கும் தொடர்புண்டு என்று கண்டார்களே, அதைச் சிறிதென்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் பார்த்தது சடலத்தை. உயிரோடு அது எங்கே போய் வருகிறது என்று பார்க்க வழியேது?

வழி பிறந்தது மிகப் பிந்தி. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமானது. 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் முதலானோர் 'டியூலிப்' என்ற சிறு பாய்மரப் படகில் இக்கடலை ஆராய்ந்தனர். 1983இல் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களையும் கண்டனர். பிற கடல்களில் அவை துருவப் பக்கத்துக் குளிர்நீருக்குப் போய் வயிறு நிரப்புபவை. இவையோ வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போவதில்லை. ஆஷா டி வொஸ் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிரில்லுக்குப் பதிலாக இங்குள்ள சிற்றிறாலைத் தின்று பிழைக்கின்றன. 1960களில் சோவியத் கப்பல்கள் அரபிக் கடற்பக்கம் ஏறத்தாழ 1,300 நீலத் திமிங்கிலங்களைக் கொன்று மறைத்தன. அதையும் தாண்டித் தப்பிய இனம் இது.

அந்த 1983இல்தான் ஆடிக் கலவரமும் வந்தது. பின்பு மீனவனுக்கே தடை விழுந்த கடலில் ஆய்வாளனுக்கு ஏது இடம்? டி வொஸ் தம் ஆய்வைத் தென்கரையில் நடத்தினார்.

2009இல் போர் ஓய்ந்த பின், உப்புவெளி, நிலாவெளிப் படகுகள் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பயணிகளைத் திமிங்கிலம் காட்ட ஏற்றிச் செல்கின்றன. படகோட்டும் பையன்களில் என்னிடம் படித்தவர்களும் உண்டு. "வாலைத் தூக்கிக்கொண்டு கீழே போனால் எவ்வளவு நேரம் காத்து நிற்க வேணும் சேர்?" என்று ஒருவன் கேட்டான். நீலமென்றால் பத்துப் பதினைந்து நிமிடம் நில், ஸ்பேர்ம் என்றால் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்று என்றேன்.