லா ரூ: சின்தசைசர் நடன இசையை மீட்ட இணை

லா ரூ என்பது இங்கிலாந்தின் லண்டன் நகரைச் சேர்ந்த மின்னணு பாப் இசைக்குழு. பாடகி எல்லி ஜாக்சன், தயாரிப்பாளர் பென் லாங்மெய்ட் ஆகிய இருவரும் சேர்ந்து தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பரவியிருந்த சின்தசைசர் நடன இசையை 2009இல் மீண்டும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுவந்த குழுக்களில் இது முதன்மையானது. இதை ஒரு தனிப் பாடகியின் பெயர் என்றே பலரும் இன்றும் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் எப்படி உருவானது என்பதும் இக்குழுவின் வரலாற்றில் ஒரு பகுதியே.

முன்னோடிகள்

1970களின் இறுதியில் சின்தசைசர்களின் விலை குறைந்து, சாதாரணக் குடும்பத்து இளைஞர்களும் ஒன்றை வாங்க முடியும் என்ற நிலை வந்தது. அக்காலத்தின் மலிவான கருவிகள் பலவற்றில் ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். கருவிக்குள் மின்னலை ஒன்று உருவாகும். வடிப்பான் அதன் கூர்மையைக் குறைக்கும் அல்லது கூட்டும். சீக்வென்சர் என்ற பகுதி ஒரே சுரவரிசையைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். தாளத்தை டிரம் மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆக, நான்கைந்து பேர் செய்த வேலையை ஒருவரே அறைக்குள் அமர்ந்து செய்யலாம். பாடுவதற்கு மட்டும் இன்னொருவர் தேவை. பாடகர் ஒருவர், கருவியாளர் ஒருவர் என்ற இருவர் குழு அமைப்பு இப்படித்தான் வேரூன்றியது. 1981இல் சாஃப்ட் செல், 1982இல் யாசூ, 1983இல் யூரித்மிக்ஸ் என்று இத்தகைய இணைகள் அடுத்தடுத்துப் புகழ்பெற்றன.

எல்லோரும் இதை வரவேற்றுவிடவில்லை. 1982இல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கோரித் தீர்மானம் கொண்டுவந்தது. வயலின் வாசிப்பவர்களின் பிழைப்பு போய்விடும் என்பது அவர்களது அச்சம். இன்று அது வேடிக்கையாகத் தோன்றினாலும், வேலை இழந்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்காது.

லா ரூவுக்கு மிக நெருங்கிய முன்னோடி யாசூ. டெபஷ் மோட் குழுவின் பாடலாசிரியராக இருந்த வின்ஸ் கிளார்க் 1981இன் இறுதியில் அதை விட்டு விலகினார். அதே பேசில்டன் ஊரைச் சேர்ந்த அலிசன் மோயே, குழு தேவை என்று ஓர் இசை வார இதழில் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்து அவரை அழைத்தார். கிளார்க் கூச்ச சுபாவம் கொண்டவர். இருவருக்கும் இடையே பேச்சு மிகக் குறைவு. இரண்டே தொகுப்புகளுடன் 1983இல் பிரிந்தனர். கருவியின் குளிர்ந்த ஒலிக்கு மேல் உணர்ச்சி ததும்பும் ஒரு பெண்குரல் என்ற அவர்களது சேர்க்கை மட்டும் நிலைத்தது.

உருவாக்கம்

எல்லி ஜாக்சன் 1988இல் பிறந்தவர். தென் லண்டனில் வளர்ந்தவர். முதலில் கிட்டாருடன் நாட்டுப்புறச் சாயல் கொண்ட மெல்லிய பாடல்களையே பாடிவந்தார். பொது நண்பர் ஒருவர் மூலம் அவருக்கு லாங்மெய்டின் அறிமுகம் கிடைத்தது. லாங்மெய்ட் வயதில் மூத்தவர், நடன இசைத் தயாரிப்பில் முன்னரே அனுபவம் உள்ளவர். கிட்டார் படிப்படியாக ஒதுங்கி, சின்தசைசர் அந்த இடத்துக்கு வந்தது. பெயரிலும் ஒரு விளையாட்டு உண்டு. பிரெஞ்சு மொழியில் ‘ரூ’ என்பது செம்முடி கொண்ட ஆணைக் குறிக்கும். அதற்கு முன் பெண்பாலுக்குரிய ‘லா’வைச் சேர்த்தது இலக்கணப் பிழை, ஆனால் ஆண், பெண் தோற்றங்கள் கலந்த ஜாக்சனின் உடைக்கும் நிமிர்ந்த செம்முடிக்கும் அது பொருந்தியது.

2008இன் இறுதியில் ‘குவிக்சேண்ட்’ என்ற தனிப்பாடல் வெளிவந்தது. யாசூ இணை கால் நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் மேடையேறியதும் அதே ஆண்டில்தான். 2009இல் ‘இன் ஃபார் த கில்’ பிரிட்டன் பட்டியலில் 2ஆம் இடத்தையும், ‘புல்லட்புரூஃப்’ முதலிடத்தையும் பிடித்தன. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு மெர்குரி பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ‘புல்லட்புரூஃப்’ 2010இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. 2011இல் சிறந்த மின்னணு நடன இசைத் தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது.

இப்பாடல்களில் நெருக்கமான இசைக்கோவை இல்லை. மெல்லிய, கூரிய சின்தசைசர் வரிகள் இரண்டு மூன்று, கைதட்டல் போன்ற தாளம், அவற்றுக்கு மேலே ஜாக்சனின் உச்சக் குரல், அவ்வளவுதான். பழைய கருவிகளின் வறுமையையே அழகாக்கிக் கொண்டனர் எனலாம்.

மறைந்திருந்தவர்

பாடல்களை எழுதியதும் தயாரித்ததும் இருவரும் சேர்ந்தே. ஆயினும் தொகுப்பின் அட்டையில் ஜாக்சன் மட்டுமே இருந்தார். காணொளிகளிலும் அவர் மட்டுமே. லாங்மெய்ட் புகைப்படங்களையும் நேர்காணல்களையும் தவிர்த்தார். கச்சேரிகளில் அவருக்குப் பதிலாக வேறு இசைஞர்கள் வாசித்தனர். இது அவரே விரும்பி ஏற்ற ஏற்பாடு. யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஆனால் வின்ஸ் கிளார்க்காவது மேடையில் சின்தசைசருக்குப் பின்னால் நின்றார். லாங்மெய்ட் அங்கும் இல்லாததால், கேட்பவர்களின் மனத்தில் குழுவும் பாடகியும் ஒன்றாகிவிட்டனர்.

வெளிச்சத்தில் நின்றவருக்கும் அது எளிதாக இல்லை. தொடர் பயணங்களின் அழுத்தத்தில் ஜாக்சனுக்கு மேடைப் பதற்றம் ஏற்பட்டது. எந்த உச்சக் குரலால் அறியப்பட்டாரோ, அதையே சில காலம் பாட முடியாமல் போனது. தொண்டையில் கோளாறு இல்லை, பதற்றமே காரணம் என்று பின்னர் அவர் நேர்காணல்களில் கூறினார்.

இதற்கிடையில் இரண்டாம் தொகுப்பின் பணியின்போது இருவருக்கும் கருத்து வேறுபாடு முற்றி, லாங்மெய்ட் விலகினார். 2014இல் ‘டிரபிள் இன் பாரடைஸ்’ வெளிவந்தபோதுதான் வெளியுலகம் இதைப் பரவலாக அறிந்தது. அத்தொகுப்பை ஜாக்சன், இயன் ஷெர்வினுடன் சேர்ந்து தயாரித்தார். முந்தையதைவிட வெதுவெதுப்பான ஒலி. கிட்டாரும் திரும்பி வந்தது. விமர்சகர்கள் பாராட்டினர், விற்பனை முதல் தொகுப்பை எட்டவில்லை. சில பாடல்களின் ஆசிரியர் வரிசையில் லாங்மெய்டின் பெயர் நீடித்தது.

லா ரூ என்ற பெயர் ஜாக்சனிடமே இருந்தது. 2020இல் மூன்றாம் தொகுப்பான ‘சூப்பர்விஷன்’ அப்பெயரிலேயே, அவரது சொந்த நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது.