ஒல்லாந்த உழவரும் நைட்ரஜன் ஆணையும்



பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிகம் செய்த ஒல்லாந்தரை நாம் வரலாற்றில் அறிவோம். அவர்களுடைய தாய்நாடாகிய நெதர்லாந்தில் வணிகரைப் போலவே உழவரும் பெயர் பெற்றவர். கடலை அணையிட்டுத் தடுத்து, நீரை இறைத்து வெளியேற்றி, அவ்வாறு மீட்ட நிலத்தில் பயிரும் பாலும் பெருக்கியவர் அவர்கள். அமைதிக்கும் கணக்குக்கும் பேர்போன அந்த உழவர், 2019ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று டிராக்டர்களில் ஏறி, அரசு வீற்றிருக்கும் ஹேக் நகரை நோக்கிப் புறப்பட்டனர். அன்று காலை அந்நாட்டுச் சாலைகளில் தேங்கி நின்ற வண்டிகளின் வரிசைகளைக் கூட்டிப் பார்த்தால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

இத்தனை சினத்துக்குக் காரணம் எருவிலிருந்து கிளம்பும் ஒரு வாயு என்றால் நம்புவதற்கு அரிதாக இருக்கும். எனக்கும் முதலில் வியப்பாகவே இருந்தது. ஆயினும் அந்நாட்டின் எழுபத்தைந்து ஆண்டுக் கால வரலாற்றைப் படித்தபோது, அவ்வழக்கின் அடியில் அரசு கொடுத்த வாக்கைப் பற்றிய வழக்கொன்றும் கிடப்பது புலனாயிற்று. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945இன் தொடக்கத்திலும், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பெரும் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. மக்கள் துலிப் மலரின் கிழங்கை வேகவைத்துத் தின்றனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். போர் முடிந்ததும் உணவுக்கும் வேளாண்மைக்கும் அமைச்சரானவர் சிக்கோ மான்ஸ்ஹோல்ட். அவர் தாமே ஏர் பிடித்த உழவர். இனி இந்நாட்டில் பசி இருத்தல் ஆகாது என்பது அன்றைய உறுதி. சிதறிக் கிடந்த துண்டு நிலங்கள் ஒன்று சேர்க்கப்பட்டன. விளைபொருளுக்கு விலை உறுதி செய்யப்பட்டது. இயந்திரமும் இரசாயன உரமும் வயலுக்கு வந்தன. ‘பெருக்குக’ என்பதே அரசு உழவருக்கு இட்ட கட்டளை.

உழவர் அதனைச் சிரமேற்கொண்டனர். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள அந்நாட்டில், மாடுகள் ஏறத்தாழ 40 இலட்சமாகவும், பன்றிகள் ஒரு கோடிக்கு மேலாகவும், கோழிகள் ஏறத்தாழ பத்துக் கோடியாகவும் பெருகின. இத்தனை உயிர்களுக்கும் உள்நாட்டுப் புல் போதுமா? போதாது. ராட்டர்டாம் துறைமுகத்தில் சோயாவும் பிற தீவனமும் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாலும் இறைச்சியும் பிற நாடுகளுக்குச் சென்றன. சாணமும் மூத்திரமும் மட்டும் அங்கேயே தங்கின.

மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் அனைவரும் அறிவோம். மூத்திரத்திலுள்ள யூரியா சாணத்தோடு கலக்கும்போது அம்மோனியா என்னும் வாயு எழுகின்றது. அதில் நைட்ரஜன் உண்டு. அவ்வாயு காற்றில் சென்று காட்டிலும் மணற்குன்றிலும் சதுப்பிலும் படிகின்றது. பயிருக்கு நைட்ரஜன் உணவு. ஏழை மண்ணிலே வாழப் பழகிய செடிகளுக்கோ அது கேடு. ஹெதர் என்னும் குறும்புதர் மண்டிய வெளிகளில் புல் ஏறி அதனை மூடிவிடுகின்றது. மண் புளிப்பேறிச் சுண்ணாம்புச் சத்தை இழக்கின்றது. வேலுவே போன்ற வனப்பகுதிகளில், சுண்ணாம்புச் சத்துக் குறைந்ததால் சிறு பறவைகளின் முட்டை ஓடு மெலிந்துபோவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே கேடு கற்பனையன்று என்பதை நாம் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அரசும் வாளா இருக்கவில்லை. 1984இல் பன்றி, கோழிப் பண்ணைகளின் பெருக்கத்துக்குத் தடை வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பியப் பொதுச் சந்தை முழுவதிலும் பாலுக்கு உச்சவரம்பு வந்தது. அடுத்த பத்தாண்டுகளில், எருக்கரைசலை வயலின்மேல் தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. உழவர் முணுமுணுத்தாலும் புதிய கருவிகளை வாங்கி அவ்வாறே செய்தனர். 1990ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் அந்நாட்டின் அம்மோனியா வெளியீடு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. பின்னால் எழுந்த பூசலில் பலரும் மறந்துபோன செய்தி இது.

பிறகு வந்தது 2015ஆம் ஆண்டு. பாலின் உச்சவரம்பு அவ்வாண்டு நீக்கப்பட்டது. உழவர் வங்கியில் கடன் வாங்கிப் பெரிய கொட்டில்களை எழுப்பினர். இரண்டே ஆண்டில், பாஸ்பேட் அளவு மீறிவிட்டது என்று கூறி மாடுகளைக் குறைக்கச் சொன்னது அரசு. அதே 2015இல் நைட்ரஜனுக்கென ஒரு திட்டமும் வகுக்கப்பட்டது. சிறிதளவே வாயு வெளியிடும் பண்ணைக்கு உரிமச் சீட்டு வேண்டா. அரசுக்கு அறிவித்தாலே போதும் என்றது அத்திட்டம். 2,000க்கும் மேற்பட்ட உழவர் அவ்வாறே அறிவித்துவிட்டுத் தொழில் நடத்தினர்.

2019ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், நிர்வாக வழக்குகளில் இறுதித் தீர்ப்பு வழங்கும் உயர் மன்றம் அத்திட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பின்னொரு நாளில் வாயு குறையும் என்ற நம்பிக்கையை வைத்து இன்றே அனுமதி கொடுத்தல் கூடாது என்பது அதன் கருத்து. வரும் ஆண்டின் விளைச்சலை எண்ணி இந்த ஆண்டே களஞ்சியத்தை வழித்துக் கொடுப்பவனை யார் மெச்சுவார்? தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அதன் விளைவு யார் தலையில் விழுந்தது? அரசு சொன்னபடி அறிவித்துவிட்டுத் தொழில் செய்தவர்கள் ஒரே நாளில் உரிமமற்றவராயினர். ஏறத்தாழ 18,000 கட்டுமானத் திட்டங்களும் தடைப்பட்டன என்று அப்போது கணக்கிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில், கால்நடைகளைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் கூறினார். அடுத்த மாதமே டிராக்டர்கள் புறப்பட்டன.

2022ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், அமைச்சர் கிறிஸ்டியான வான் டெர் வால் ஒரு வரைபடத்தை வெளியிட்டார். 2030க்குள் எந்தப் பகுதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அதில் கண்டிருந்தது: சில இடங்களில் 12 சதவிகிதம், காப்புக் காடுகளை ஒட்டிய இடங்களில் 95 சதவிகிதம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணை நடத்தும் ஒருவர், அப்படத்தில் தம் ஊரைத் தேடி அதன் நிறத்தைக் காணும்போது என்ன எண்ணுவார்? நாட்டுக்கொடிகள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டன. கடலில் ஆபத்துக்கு அடையாளமாகக் கப்பலோட்டிகள் கையாண்ட பழைய குறிப்பு அது. கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கிடங்குகள் மறிக்கப்பட்டன. நெடுஞ்சாலையோரம் வைக்கோல் எரிந்தது. அமைச்சரின் வீட்டு வாயிலிலேயே எருவைக் கொட்டினர். எல்லை மீறிய அச்செயல்களை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

உழவர் கேட்ட கேள்விகளில் சில எளிதில் தள்ளத்தக்கன அல்ல. வானூர்தியும் மோட்டாரும் தொழிற்சாலையும் நைட்ரஜன் வெளியிடவில்லையா? அண்டை நாடுகளிலிருந்தும் அது காற்றில் வரவில்லையா? வருகின்றது, படியும் நைட்ரஜனில் ஏறத்தாழ பாதிதான் உள்நாட்டு வேளாண்மையால் விளைவது. மோட்டார்களின் பங்கைக் குறைக்கவென்று 2020இல் பகற்பொழுதின் வேகவரம்பு மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டதும் உண்மையே. எனினும் ஒரு காரோட்டி இழந்தது சில நிமிடங்கள். ஓர் உழவர் இழக்க வேண்டியிருந்தது பண்ணையை.

சினம் வாக்குச்சாவடிக்குச் சென்றது. 2019இல் தோன்றிய ‘உழவர் குடிமக்கள் இயக்கம்’ என்னும் கட்சி, கரோலின் வான் டெர் பிளாஸ் அம்மையாரின் தலைமையில், 2023 மார்ச் மாதத் தேர்தலில் 12 மாகாணங்களிலும் முதலிடம் பெற்றது. 2024இல் ஆட்சியிலும் பங்கு கொண்டு வேளாண் அமைச்சைப் பெற்றது. ஆயினும் 2025 ஜனவரி 22ஆம் நாள் ஹேக் நீதிமன்றம், 2030க்குள் நலிந்த இயற்கைப் பகுதிகளில் பாதியையேனும் நைட்ரஜன் கேட்டிலிருந்து காத்தாக வேண்டும் என்று அரசுக்கே ஆணையிட்டது. தவறினால் ஒரு கோடி யூரோ தண்டம் என்றது. தேர்தலில் வென்றதனால் மண்ணின் புளிப்புக் குறைந்துவிடவில்லை.

இவ்வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இது. மண்ணுக்குள் எருவைச் செலுத்து என்ற விதி கடினமானது, செலவு மிக்கது, ஆயினும் தெளிவானது, நிலைத்தது. உழவர் அதற்கு இணங்கினர். பின்னர் வந்தவையோ இன்று பெருக்கு, நாளை குறை, மறுநாள் மூடு என்று மாறின. முப்பது ஆண்டுக் கடனில் கொட்டில் கட்டுபவருக்கு இரண்டாண்டு ஆயுளுடைய கொள்கை எவ்வாறு துணையாகும்? பெருக்கும் கொள்கையை வகுத்த மான்ஸ்ஹோல்டே 1972இல், வளர்ச்சிக்கு ஓர் எல்லை வேண்டும் என்று எச்சரித்தார். அவ்வெச்சரிக்கைக்கு அன்றே செவிசாய்த்திருந்தால், பாதை மாற உழவருக்கு ஒரு தலைமுறைக் காலம் கிடைத்திருக்கும். அக்காலத்தை வீணாக்கியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த அரசுகள். அதற்குரிய விலையைக் கேட்டதோ கொட்டிலில் நின்ற உழவரிடம்.